ரயிலைக் கேட்டேன், வாடைக்காற்று வந்தது

சபையில் கூடியிருக்கிற எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். எழுந்து நின்று பேசப் பயப்படுகிறவள் இல்லை நான். ஆனால் இந்த ஒரு சங்கதியை வாயால் சொல்லப் போனால் பாதிக்கு மேல் போக முடிவதில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷம், கார்த்திகை மாதம். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். அங்கே ஓர் ஓலை வீட்டுக்குள் என்னோடு ஊழியம் செய்த சலோமி வாய் பூட்டிப்போய்க் கிடந்தாள். பல்லோடு பல் கிட்டிவிட்டது. ஒரு கரண்டி தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. வெளியே மழை. பஸ் நின்றுவிட்டது, ரயில் நின்றுவிட்டது. எங்களைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் மலாயாவில் இருந்தார்கள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்களைக் கொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டி வந்தீரா ஆண்டவரே?" என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை. சண்டைக்காரி கேட்பது போலத்தான் கேட்டேன்.

நாங்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானும் சலோமியும் பேராக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். எங்கள் சபை இரண்டிரண்டு பேராக ஊழியத்துக்கு அனுப்பும். எங்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தாத்தாமார் கூலிக்குக் கப்பலேறிப் போன கரைக்கு நாங்கள் சுவிசேஷத்தோடு கப்பலேறி வந்தோம். "தமிழ்நாடுதானே, சொந்த வீட்டுக்குப் போவது மாதிரி" என்று எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். சொன்னவர்கள் யாரும் கும்மிடிப்பூண்டியைப் பார்த்ததில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. மண்ணெண்ணெய் அடுப்பு எரிவதைவிடப் புகைவதே அதிகம். பேச்சு அதைவிட மோசம். "இன்னா சிஸ்டரு, நாஷ்டா துன்னாச்சா?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்பாவை நைனா என்றார்கள். எங்கள் தமிழைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் தமிழைக் கேட்டு நாங்கள் முழித்தோம். தமிழிலேயே ஊமையாக இருக்க முடியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காலத்தில் ஃபாக்டரி வரப்போகிறது என்று அந்தப் பக்கத்து நிலங்களை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அதே வெயிலில் அதே வரப்புகளில் ஊர் ஊராக நடந்தோம். அவர்களுக்காவது கல் நின்றது. எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு ஜீவன் சபைக்கு வரவில்லை. நெல் வயல் வைத்திருந்த குடும்பங்கள் மோர் கொடுத்தார்கள், பாய் போட்டார்கள், சாமி படத்துக்குக் கீழே உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்கள். கிளம்பும்போது, "எல்லா சாமியும் ஒண்ணுதாம்மா, பாத்துப் போங்க" என்று வழியனுப்பினார்கள். அடித்துத் துரத்தியிருந்தாலாவது ஊருக்கு எழுத ஒரு விஷயம் இருந்திருக்கும்.

எங்களுக்கு மேலாளர் தேவசகாயம் அண்ணன். திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் குடியிருந்தார். மாதம் ஒரு முறை பட்டணம் போய் ரயில் மாறி, செவ்வாப்பேட்டை தாண்டி அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இருக்காது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு இரண்டே கட்டளைகள். ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது. திங்கட்கிழமை ஊழியம் செய்யக் கூடாது. துணி துவைத்து, வீட்டுக்குக் கடிதம் எழுதி, ஏதாவது ஓர் இடத்தைப் போய்ப் பார்த்து வர வேண்டும். "ஊரைப் பாக்காம ஊர் ஜனத்த எப்படிம்மா நேசிப்பீங்க?" என்பார்.

அப்படித்தான் திங்கட்கிழமைகளில் ஊர் சுற்றினோம். மெரினாவில் சுண்டல் தின்றோம். பூண்டி நீர்த்தேக்கத்தின் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். ஓர் அமாவாசையன்று திருவள்ளூர்க் கோயில் குளத்தைத் தெருவில் நின்று பார்த்தோம். நோய் தீர வேண்டும் என்று ஜனங்கள் வெல்லத்தைக் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கூட்டம். சலோமி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை பாரு. நமக்கு அதுல பாதி இருக்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சலோமி தாயில்லாப் பிள்ளை. சித்தி வீட்டில் குத்தல் சொல்லும் சோறுமாக வளர்ந்தவள். ஊழியத்துக்குப் புறப்பட்ட அன்றே அவளுடைய பெட்டி இருந்த இடத்தில் வேறு சாமானை வைத்துவிட்டார்கள். திரும்பிப் போனால் படுக்க இடமில்லை. அதனால் அவளுக்கு ஒரே பயம், உடம்புக்கு முடியவில்லை என்று கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் செய்தது இதனால்தான்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை நாங்கள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் தங்குவோம். பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்போம், புண்ணுக்கு மருந்து போடுவோம். எங்கள் ஓலை வீட்டுக்கு அடுத்த வீடு தேசப்பன் என்கிற மீனவருடையது. அவர் மனைவி நாகாத்தம்மா. தேசப்பனுக்கு எங்களைக் கண்டாலே கிண்டல்தான்.

"இன்னா சிஸ்டரு, இன்னிக்கு எத்தினி பேரு மாட்னாங்க?"

"யாரும் இல்லண்ணே."

"எனுக்கும் ஒண்ணும் மாட்டல. ரெண்டு பேரும் வலைய மாத்திப் பாக்கலாமா?"

நாகாத்தம்மா உள்ளேயிருந்து அவரைத் திட்டுவாள். அந்தத் திட்டும் எங்களுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த ஊரில் எங்களை மனுஷியாக மதித்துப் பேசியவர்கள் அந்த வீட்டார்தான்.

மழைக்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வரும், கூட்டமாக இறங்கினால் தண்ணீரே சிவப்பாகத் தெரியும் என்று கேள்விப்பட்டு, ஒரு வாரம் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பாமல் திங்கட்கிழமைக்காகக் குப்பத்திலேயே தங்கினோம். காலையில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்த்தோம். வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருந்தது. பிறகு பறவை பார்க்க ஏரிக்கரையோரமாக நடந்தோம். சலோமி செருப்புப் போடவில்லை. "இங்க எந்தப் பொம்பள செருப்புப் போடுறா? நாம மட்டும் துரைசானி மாதிரி போனா யாரு நம்மகிட்ட வருவா?" என்று வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஜனங்களைப் போல வாழ வேண்டும் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஜனங்கள் எங்கே கால் வைக்க மாட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

தண்ணீருக்குள் கிளிஞ்சல் மேடு இருந்தது. பறவையைக் கிட்டத்தில் பார்க்கிற ஆசையில் அவள் அதன் மேல் ஏறினாள். ஏறின வேகத்தில் இறங்கினாள். "ஒண்ணுமில்ல, கீறல்" என்றாள். பூநாரைகள் எழும்பித் தூரத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. நாங்கள் பார்த்தது சின்னச் சின்னப் புள்ளிகளைத்தான்.

அது கீறல் இல்லை. பாதத்தில் ஆழமாக இறங்கிய வெட்டு. அவள் துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டே நடமாடினாள். நான் கேட்டபோதெல்லாம் ஆறிவிட்டது என்றாள். சொன்னால் தேவசகாயம் அண்ணனுக்குத் தெரியும், தெரிந்தால் கப்பல். அவள் கணக்கு அவ்வளவுதான்.

அடுத்த வாரமும் குப்பத்துக்கு வந்தோம். வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. கொட்டின மழையில் ஆரணி ஆறு நிரம்பிப் பொன்னேரிச் சாலையின் மேலே ஓடுகிறது, பஸ் இனி வராது என்றார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது சலோமி பாதியில் தட்டைத் தள்ளிவிட்டாள். "கருவாட்டக் கடிச்சுக் கடிச்சுத் தாடை வலிக்குது" என்றாள். நான் சிரித்தேன். மறுநாள் காலை அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. மதியத்துக்குள் முதல் இழுப்பு வந்தது. தலையும் குதிகாலும் மட்டும் பாயில் பட, உடம்பு வில்லாக வளைந்து நின்றது. நினைவு மட்டும் தப்பவில்லை. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை இன்றைக்கும் என்னால் எழுத முடியவில்லை.

பழவேற்காட்டிலிருந்து ஒரு கம்பவுண்டர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பார்த்தார். பாதத்தின் துணியை அவிழ்த்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. நல்ல மனுஷர், பொய் சொல்லவில்லை. "டெட்டனஸ்மா. எங்கிட்ட இதுக்கு மருந்து இல்ல. பட்டணம் கொண்டு போயிடுங்க, சீக்கிரம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பட்டணம் போக வேண்டுமென்றால் பொன்னேரிக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். நாகாத்தம்மாவின் தம்பி கட்டுமரத்தை எடுத்துக்கொண்டு வெள்ளத்தில் பார்த்து வரப் போனான். நான் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, ரயிலை விடும். ரயில் மட்டும் வந்தால் போதும். எப்படியாவது இவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்" என்று கெஞ்சினேன். தம்பி திரும்பி வந்தான். மீஞ்சூர்ப் பக்கம் தண்டவாளத்தின் மேலே தண்ணீர் போகிறது, வண்டியெல்லாம் நின்றுவிட்டது என்றான். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போல இருந்தது எனக்கு.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஏரியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகத் தெற்கே எண்ணூருக்குப் போகலாம். அதற்குப் படகு வேண்டும். குப்பத்தில் படகுகளுக்குக் குறைவில்லை. ஆனால் நான் கேட்ட நேரம் அப்படி.

அவர்கள் வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில்தான் எறா, அதாவது இறால், அதிகம் விழும். அங்கே இஷ்டத்துக்கு வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று ஊர் பிரித்துக் கொடுக்கும். அதைப் பாடு என்பார்கள். தன் முறைக்குப் போகாதவனுக்கு அது போனது போனதுதான். இன்னொருவன் இடத்தில் கை வைக்கவும் முடியாது. மழை வெள்ளம் கடலுக்கு ஓடுகிற சமயம் அமாவாசையும் சேர்ந்தால் எறா கொட்டும். அந்த முறை கிடைத்த வீட்டில் அந்த வருஷம் அடுப்பு நன்றாக எரியும். அப்படிப்பட்ட அமாவாசை அந்த வாரம்தான். தேசப்பனுக்கு வெகு காலத்துக்குப் பிறகு முகத்துவாரத்து முறை விழுந்திருந்தது.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். யாரும் முகத்தில் அடித்தது போலப் பேசவில்லை. "காத்து எதுத்துகினு கீது சிஸ்டரு, படகு போவாது" என்றார்கள். அது உண்மைதான். கடைசியில் தேசப்பன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் சுத்துவலையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களாவது."

"தெக்கத்திக் காத்து. தள்ளிகினு போறதுக்குள்ள ரெண்டு நாளு ஆயிடும்." என் முகத்தைப் பார்க்காமல், "மொறையும் கீது சிஸ்டரு" என்றார்.

நான் வந்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார் மேலும் வரவில்லை. எல்லாக் கோபமும் பரலோகத்தின் மேல்தான்.

எங்கள் தோட்டத்துச் சபையில் ஜெபம் என்றால் சத்தம். வியாதிக்காரர் தலைமாட்டில் நின்று தொண்டை கிழியப் போராட வேண்டும், அதுதான் விசுவாசம் என்று வளர்ந்தவள் நான். அதையே செய்தேன். கை தட்டிப் பாடினேன். கத்தினேன். பிசாசைக் கடிந்துகொண்டேன். நான் கத்தக் கத்த சலோமிக்கு இழுப்பு வந்தது. இழுப்பு வர வர இன்னும் சத்தமாகக் கத்தினேன். பொழுது சாயும் வரை இப்படி. இருட்டின பிறகும் விடவில்லை. எனக்குத் தெரியாதது, அந்த வியாதிக்குச் சத்தமே ஆகாது. வெளிச்சம் ஆகாது, ஆட்டம் ஆகாது, ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட உடம்பு முறுக்கிக்கொள்ளும்.

விடிகிற சமயம் நாகாத்தம்மா உள்ளே வந்தாள். நேராக வந்து என் வாயைக் கையால் பொத்தினாள். அவள் கையில் மீன் வாடை அடித்தது.

"சத்தம் போடாத சிஸ்டரு. நீ கத்தற, அவ ஒடம்பு தூக்கிப் போடுது. பாத்துகினுதான கீற?"

"ஜெபம் பண்ணாம எப்படிக்கா விடுறது?"

"வாய மூடிகினு பண்ணு. ஒங்க சாமிக்குக் காது கேக்காதா?"

நான் சலோமியைப் பார்த்தேன். கடைவாயில் இரத்தம், கண்ணோரம் தண்ணீர். இவ்வளவு நேரமும் என்னை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வாய் பூட்டியிருந்ததால் சொல்ல முடியவில்லை. என் ஜெபமே அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

அதோடு எனக்குள் எல்லாம் நின்றது. வாயை மூடினேன், ஆனால் மனதுக்குள்ளும் ஒரு வார்த்தை வரவில்லை. தேடிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. ஆண்டவரே என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கை கால் விழுந்தவள் போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். விசுவாசம் போய்விட்டது என்று தெளிவாகத் தெரிந்தது. அழுகைகூட வரவில்லை.

வெளியே நாகாத்தம்மா போய்ச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அந்தச் சந்தே அடங்கிப்போனது. உரல் இடிப்பது நின்றது. குரைத்த நாயை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். வழக்கமாக அன்றன்றைய முறையைக் கரையில் நின்று கூவிச் சொல்வார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வீடு ஆள் வந்து தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனதைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் பேச்சை நம்பாத ஜனங்கள் எங்களுக்காக வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். அப்போது எனக்கு அது நன்றியாகத் தோன்றவில்லை. சாவுக்கு முன்னாலேயே வந்துவிட்ட சாவு வீட்டு அமைதி என்றுதான் நினைத்தேன்.

வெயில் ஏறாத காலை. கூரை ஓலை வேறு பக்கமாகப் படபடத்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கதவைத் தட்டாமல் தேசப்பன் உள்ளே வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். சலோமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிசுகிசுப்பாகச் சொன்னார்:

"வாடக்காத்து எழும்பிகிச்சி. பாயோட தூக்குங்க."

"உங்க முறை?"

"தூக்குங்கன்றேன்."

அன்று சாயங்காலம் முகத்துவாரத்தில் அவர் வலை கட்ட வேண்டும். எண்ணூர் போய்ச் சாயங்காலத்துக்குள் யாரும் திரும்ப முடியாது. அது அவருக்கும் தெரியும், பாயின் ஒரு முனையைப் பிடித்திருந்த நாகாத்தம்மாவுக்கும் தெரியும்.

படகின் அடியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் சலோமியைக் கிடத்தி, கறுப்புச் சேலையால் பந்தல் போல மூடினோம். நாகாத்தம்மாவும் ஏறிக்கொண்டாள். படகுப் பாயை விரித்ததும் வாடை பிடித்துக்கொண்டது. படகு ஏரியை விட்டுக் கால்வாய்க்குள் நுழைந்து தெற்கே வழுக்கிக்கொண்டு போனது. எப்போதும் வாய் ஓயாத தேசப்பன் அன்று முழுவதும் பேசவில்லை. குனி, நகரு, கயிற்றை விடு, எல்லாமே கைச் சாடைதான். எதிரே விறகுப் படகு வந்தால் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார், அவர்களும் கோலைச் சத்தமில்லாமல் போட்டு விலகிப் போவார்கள். சவுக்குத் தோப்பு போனது, உப்பளம் போனது. ஓர் இடத்தில் தலைக்கு மேலே பூநாரைக் கூட்டம் பறந்தது. இறக்கையின் அடி நல்ல சிவப்பு. இதைப் பார்க்கத்தானே அவள் காலை அறுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அவளுக்குக் காட்டச் சேலையை விலக்க முடியாது. நான் மட்டும் பார்த்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

வழியில் இரண்டு தரம் இழுப்பு வந்தது, இரண்டுமே லேசாக வந்தன. ஒரு தரம் மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. நாகாத்தம்மா அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டு எனக்குத் தலையாட்டினாள். நான் ஜெபிக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். அந்தக் கால்வாயில் நான் ஒரு ஜெபமும் செய்யவில்லை. சலோமியின் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பொழுது சாய எண்ணூரில் கரையேறினோம். தேசப்பன் ரோட்டில் போய் நின்று ஒரு கம்பெனி வேனை மறித்தார். டிரைவரிடம் என்ன சொன்னாரோ, அந்த மனுஷன் ஹாரன் அடிக்காமல் மாட்டுவண்டி போல ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். இருட்டறையில் போட்டு ஊசி போட்டார்கள். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. பல நாள் யாரும் சொல்லவில்லை. தேவசகாயம் அண்ணன் மணவாள நகரிலிருந்து ஓடி வந்து வார்டு வாசலில் உரக்க ஜெபிக்க ஆரம்பித்தார். நர்ஸ் ஓடி வருவதற்குள் நான் அவர் வாயைப் பொத்திவிட்டேன்.

ஒருநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். படகில் என்றேன். "நல்ல வேளைம்மா. இந்த நிலைமைல ரயில்லயோ வண்டிலயோ குலுக்கிக் கொண்டு வந்திருந்தா வழியிலேயே போயிருக்கும்" என்றார்.

நான் ரயிலைத்தானே கேட்டேன். முழங்கால் போட்டு, ரயில் ஒன்று போதும் என்று கேட்டேன். கிடைக்கவில்லை என்று சண்டை போட்டேன். வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, குப்பத்தில் வராத அழுகையெல்லாம் அழுதேன். அதற்குப் பிறகுதான் ஆண்டவரே என்ற வார்த்தை எனக்குத் திரும்ப வந்தது.

சலோமி பிழைத்தாள். வெட்டுப்பட்ட காலில் இரண்டு விரல் போயிற்று. அவளைக் கப்பலேற்றவில்லை. "அவ வீடு இங்கதான்" என்று தேவசகாயம் அண்ணன் ஊருக்கு எழுதிப் போட்டார்.

தை பிறந்த பிறகு இருவரும் குப்பத்துக்குப் போனோம். அவள் தடியூன்றி, செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தாள். தேசப்பன் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். முறையை விட்ட வருஷம் அந்த வீட்டில் பொங்கலுக்குப் புதுத்துணி இல்லை, கூழ்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாகாத்தம்மா சலோமியின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் தேசப்பன் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"நான் வந்து கேட்டப்ப முடியாதுன்னீங்க. அப்புறம் ஏன்ணே வந்தீங்க?"

எங்கள் ஜெபம் அவர் மனதைத் தொட்டது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஊருக்கு எழுதலாம் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீதான் ஒங்க சாமியக் கூப்ட்டுகினே இருந்தியே. சரி, அது பாத்துக்கும், நம்ம எதுக்கு நடுவுலன்னு நானு வலைய எடுத்துகினு கெளம்பத்தான் இருந்தேன். அப்பறம் பாத்தா ஒன் சத்தம் நின்னுபூட்ச்சி. காத்து மாறிகிச்சி, அப்பக்கூட நீ ஒண்ணும் கேக்கல. சரி, இதுங்களுக்கு இனிமே யாருமில்லன்னு தோணிச்சி. அதான் வந்தேன்."

சலோமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேசப்பன் கடைசி வரைக்கும் எங்கள் சபைக்கு வரவில்லை. அவரை நான் வலை போட்டுப் பிடிக்கவும் இல்லை. நானும் சலோமியும் இரண்டு வருஷத்துக்கு வந்தவர்கள், இங்கேயே இருந்துவிட்டோம். வியாதிக்காரர் வீட்டுக்குப் போனால் நான் இப்போது சத்தம் போடுவதில்லை. போய் உட்காருவேன், தண்ணீர் கொண்டு வருவேன், வண்டி வேண்டுமென்றால் வண்டி பார்ப்பேன். ஜெபம் வாய்க்குள்தான். அதனால் என்னைக் குளிர்ந்துபோன விசுவாசி என்று சொல்கிறவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதைக் கேட்கிறவர்களில் யாருக்காவது இப்போது நெருக்கடி இருக்கலாம். கேட்டுக் கேட்டு அலுத்து, வாயில் ஒரு ஜெபமும் வராத நாள் உங்களுக்கும் வரலாம். வந்தால் உங்களை நீங்களே அவிசுவாசி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருங்கள். அவர் கையில் இருக்கிறோம் என்று நம்ப முடியாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். நான் கத்திக் கேட்டதற்கு உதவி வரவில்லை. கேட்க முடியாமல் போனேனே, அதற்குத்தான் வந்தது.